தராசடியில் பிறக்கிற கணக்கு

மாசி மாதம், இரவு பத்து மணி. கிழக்கிலங்கையில், சம்மாந்துறையில் அரிசி மில் ஒன்றின் முன்னால் வீதியோரம் முழுக்க உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்போக வேளாண்மை வெட்டு. பகலில் வெட்டு மெசின் இறங்கிய வயலின் நெல் இரவோடு இரவாக மில்லுக்கு வந்துவிட வேண்டும். வயலில் விட்டால் பனி இறங்கும். மழை பிடித்தால் ஒரு போகத்துப் பாடும் மண். தராசடியில் ஒரே ஒரு பல்பு. அதன் கீழே, வீரமுனையிலிருந்து வேலைக்கு வரும் தம்பி மூடையைத் தராசில் ஏற்றுகிறான். சிவப்பாக மினுங்கும் இலக்கம் அசையாமல் நிற்கும்வரை பார்க்கிறான். பிறகு தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறான். கொப்பியின் மூலைகள் வியர்வையிலும் தூசியிலும் ஊறிச் சுருண்டு கிடக்கின்றன.

அந்தக் கொப்பியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் கல்முனையில் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். ஊர் காரைதீவு. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி மில்கள், மருதமுனையில் சில கைத்தறிப் பட்டறைகள், சீமெந்துக் கல் செய்கிற இரண்டு இடங்கள், ஒரு ஐஸ் தொழிற்சாலை என்று பதினாறு வருடமாக இவர்களுடைய வரவு செலவுக்குள்தான் என் சீவியம். 11 பேரிலிருந்து 50 பேர் வரை வேலை செய்யும் உற்பத்தி நிறுவனத்தைச் சிறியது என்றும், 51 முதல் 300 பேர் வரை உள்ளதை நடுத்தரம் என்றும் அரசாங்கம் வகுத்திருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் அநேகர் முதல் வகை. வெட்டுக் காலத்தில் முப்பது பேர் நிற்பார்கள், மற்ற நாட்களில் பன்னிரண்டு பேர்.

டிஜிட்டல்மயமாக்கல் பற்றிய செயலமர்வுகளுக்கு நானும் போயிருக்கிறேன். திரையில் இயந்திரக் கைகள் கார் பூட்டும். மேகக் கணினி, செயற்கை நுண்ணறிவு என்று படங்கள் ஓடும். கேட்டுக்கொண்டிருக்கும் முதலாளிமார் தேத்தண்ணி குடித்துவிட்டு, கோப்பும் சான்றிதழுமாக வீட்டுக்குப் போவார்கள். அடுத்த நாள் காலை மில் பழையபடி ஓடும். சொல்லப்பட்டதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படங்களில் எங்களுடைய தராசடி இல்லை. ஒரு மில்லின் எல்லா இலாபமும் நட்டமும் தொடங்குகிற இடம் அதுதான்.

ஈரத்திலிருந்து தொடங்குகிறேன். முன்னர் நெல் வாங்குகிறவர் மூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். இரண்டு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். ‘டக்’ என்று உடைந்தால் காய்ச்சல், நசுங்கினால் ஈரம். அந்தக் காதும் பல்லும் பெரும்பாலும் பிழைக்காது, அதை நான் மதிக்கிறேன். இப்போது உள்ளங்கை அளவு ஈரமானி இருக்கிறது; ஒரு கரண்டி நெல்லைப் போட்டு மூடியை முறுக்கினால் இலக்கம் காட்டும். களஞ்சியத்தில் வைக்கிற நெல்லுக்கு 14 வீத ஈரம்தான் எல்லை. வெட்டு மெசினிலிருந்து நேராக வருகிற நெல் 18 இருக்கும், 20 இருக்கும், 22-உம் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. 100 கிலோ நெல்லில் 18 வீதம் ஈரம் என்றால் 18 கிலோ தண்ணீர், மிச்சம் 82 கிலோதான் நெல்லின் உடம்பு. காயவைத்து 14 வீதத்துக்குக் கொண்டுவந்தால் அந்த 82 கிலோ மொத்த நிறையில் 86 வீதமாக இருக்கும். 82-ஐ 0.86-ஆல் பிரித்தால் 95.35 கிலோ. ஆக நாலரைக் கிலோவுக்கு மேல் வெயிலில் போகிறது. 10,000 கிலோ லொறி ஒன்றுக்கு 465 கிலோ. வந்த நெல் 22 வீதம் என்றால், அதே லொறியில் 930 கிலோ காற்றோடு போய்விடும். பிறகு குத்தினால் உமியாக ஐந்தில் ஒரு பங்கு, தவிடு, குறுணல் எல்லாம் கழிய 100 கிலோ நெல்லுக்கு அரிசி 65 கிலோ வந்தால் பரவாயில்லை என்று சொல்லலாம்.

நான் கணக்குப் பார்க்கிற அந்தச் சம்மாந்துறை மில்லில் ஈரமானி இருந்தது. ஈரத்தைப் பார்த்துத்தான் விலை பேசினார்கள். ஆனால் அந்த இலக்கத்தை யாரும் எழுதவில்லை! கொப்பியில் பெயர், மூடை, நிறை, விலை, நாலே நாலு. வருடக் கடைசியில் வாங்கிய நெல்லுக்கும் விற்ற அரிசிக்கும் நடுவில் பல ஆயிரம் கிலோ இடிக்கும். காய்ச்சலில் போனதா, மில்லில் உடைந்ததா, மூடையாகவே வெளியே போனதா? முதலாளிக்குத் தூக்கம் போகும். தராசுத் தம்பி மேல் கண் போகும், களத்தில் நெல் காயப்போடுகிற பெண்கள் மேல் சந்தேகம் போகும். ஒரு தரம் களத்தில் நின்ற ஒரு அக்காவை வேலையால் நிற்பாட்டினார்கள். அந்த வருடத்து ஈரம் எழுதப்பட்டிருந்தால் அவவை நிற்பாட்டியிருக்க மாட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அதை நினைத்தால் மனம் சரியில்லை.

இதற்கு மருந்து என்று வந்ததுதான் அந்த மென்பொருள். கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். இரண்டு பேர் வந்து ஒரு நாள் நின்று, ஒபிஸ் கொம்பியூட்டரில் எல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரை முழுக்க ஆங்கிலம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இலக்கம், ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு இலக்கம். தராசடியில் எழுதிய துண்டுத் தாள்களை அடுத்த நாள் காலையில் ஒபிஸில் இருக்கும் தங்கச்சி பார்த்துப் பதிய வேண்டும் என்று ஏற்பாடு. வெட்டுக் காலத்தில் ஒரு இரவுக்கு எத்தனை துண்டு வரும்! மூன்றாம் நாளே அவள் பின்தங்கிவிட்டாள். துண்டு நனைந்திருக்கும், 6-உம் 0-உம் ஒன்று போல இருக்கும். சந்தேகம் கேட்கத் தராசுத் தம்பி பகலில் இருக்க மாட்டான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் வந்தது. எங்கள் பக்கத்தில், தமிழரோ முஸ்லிம்களோ, கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் போவார். வளத்தாப்பிட்டியில் பிறந்தவர் சம்மாந்துறையில் குடியிருப்பார், வயல் நெய்னாகாட்டில் கிடக்கும். ஒரே பெயரில் நாலு பேர் நெல் கொண்டு வருவார்கள். கொப்பியில் அவர்களைப் பிரிப்பது ‘இன்னாருடைய மருமகன்’, ‘நெய்னாகாட்டு வெளி’, ‘சிவப்பு மெசின்காரர்’ என்கிற சொற்கள்தான். மென்பொருளில் அதற்கு இடம் இல்லை. ஒருவருடைய காசு இன்னொருவர் கணக்கில் ஏறியது. பழைய பெயர்ப் பட்டியலை எடுத்து ஏற்றலாம் என்று பார்த்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. எங்கள் நாட்டில் தமிழ் தட்டச்சுச் செய்த எல்லாரும் அந்தப் பாமினியைத் தாண்டித்தான் வந்திருப்போம். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது. யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதில் வந்த பிழைகளைக் கையால் திருத்த எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின.

நாலு மாதத்தில் திரை அணைந்தது. கொப்பி நின்று பிடித்தது. முதலாளியை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்; இங்கத்தைய முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். அவர் அன்று சொன்னதை மறக்கவில்லை: “தம்பி, கொப்பியில பிழை வந்தா எந்தப் பக்கத்தில, யார்ர கையால வந்த எண்டு எனக்குத் தெரியும். இதுக்குள்ள பிழை வந்தா நான் யாருக்கிட்டப் போய்க் கேக்கிற?”

ஊரில் இதற்குப் பிறகு வந்த பேச்சு வழமையானதுதான். படிப்பில்லாத ஆட்கள், இவர்களுக்கு இதெல்லாம் சரிவராது. அப்படியென்றால் 2022 ஆடியில், தட்டுப்பாட்டு நேரம், எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். வந்ததே, அப்போது என்ன நடந்தது? எழுபது வயது ஆள்கூட வாகன இலக்கத்தைப் பதிந்து, அந்தக் கட்டம் கட்டமான படத்தைப் போனில் எடுத்து, கடையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒன்றிரண்டு கிழமையில் ஊரே பழகிவிட்டது. அதைப் பதிந்தவருக்கே அந்தக் கிழமை எண்ணெய் கிடைத்தது. தராசுத் தம்பி எழுதின துண்டு அவனுக்கு எதைத் திருப்பிக் கொடுத்தது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எங்கே பிசகினோம் என்று எனக்கு விளங்கியது. இலக்கம் பிறக்கிற இடத்திலேயே, அதைப் பார்க்கிற கையாலேயே, அவனுடைய சொல்லிலேயே பதிய வேண்டும். பதிந்தது அவனுக்கும் ஏதாவது ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்.

அடுத்த சிறுபோகத்தில் மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. தம்பியின் பழைய அன்ட்ரொயிட் போன், மில்லுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். முதல் வேலை, தராசின் இலக்கத்தை மூடையும் துண்டும் தெரியப் படம் பிடித்துப் போடுவது. இரண்டாவது, ஈரமானியின் இலக்கத்தை அதே மாதிரிப் போடுவது. கொப்பியையும் எழுத வேண்டும், அதை நிற்பாட்டச் சொல்லவே இல்லை. இரண்டு கிழமையில் ஒரு விசயம் நடந்தது. தனக்கு இரண்டு மூடை குறைத்துப் போட்டதாக ஒரு விவசாயி சண்டைக்கு வந்தார். தம்பி போனை எடுத்து மேலே தள்ளிக்கொண்டே போய், அந்த இரவின் பதினொரு படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். சண்டை அங்கேயே முடிந்தது. அன்றிலிருந்து படம் எடுக்கச் சொல்லி யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டி வரவில்லை.

ஆனால் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் என்னிடம் கேட்டான்: “அண்ண, இந்த வேலைய எல்லாம் போன் செய்யுமெண்டா என்னை என்னத்துக்கு வச்சிருக்கப் போறாங்க?” அது வயிற்றைப் பற்றிய கேள்வி. காக்காவைக் கூப்பிட்டு, அவன் முன்னாலேயே சொல்ல வைத்தேன்: இதனால் யாரையும் நிற்பாட்டுவதில்லை. அந்தச் சொல் இல்லாமல் எந்த இயந்திரமும் ஒரு மில்லுக்குள் நேர்மையாக வேலை செய்யாது என்பது என் அனுபவம்.

பிறகு படத்திலிருந்து படிவத்துக்குப் போனோம். கூகுளில் இலவசமாகச் செய்யக்கூடிய படிவம்தான், முழுக்கத் தமிழில். யார், எந்த வெளி, மூடை, நிறை, ஈரம் என்று ஐந்தே கேள்வி. ‘யார்’ என்ற இடத்தில் ‘மருமகன்’ என்றும் எழுதலாம், ‘சிவப்பு மெசின்’ என்றும் எழுதலாம். ஒரு தரம் எழுதினால் எந்தப் பெயர் எந்த ஆள் என்று நான் பின்னால் சேர்த்துக்கொள்வேன். நேரம் தானாகவே விழும். அப்போது யோசிக்காமல் விட்ட அந்த நேரம்தான் பிறகு எங்களுக்குப் பெரிய உதவி செய்தது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை விடுமுறையில் வந்து தராசின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். தூசி படிந்த ஒரு துளை, ஆர்.எஸ். 232 என்கிற பழைய தொடர்பு வாய். தராசு வாங்கிய நாளிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. தீப்பெட்டி அளவு பலகை ஒன்றை அதில் பொருத்தி, நிறை தானாகவே படிவத்துக்குள் போகிற மாதிரிச் செய்து தந்தான். கரண்ட் போனால், சிக்னல் போனால் என்ன செய்வது? கொப்பி இருக்கிறது. ஒரு முழுப் போகம் இரண்டும் சேர்ந்து ஓடின. இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் காக்கா தலையாட்டினார்.

நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற கலர் சோட்டரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இந்தப் பக்கத்து மில்காரரிடம் நவீனம் என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவது அதைத்தான். அரிசி சரிவில் அருவி மாதிரி இறங்கும். கெமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். பழுப்போ கறுப்போ தெரிந்தால் கண் இமைக்க முன் காற்று ஊதி அந்த ஒரு மணியை மட்டும் வெளியே தட்டிவிடும். அருகே நின்றால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மழைத் தூறல் போலக் கேட்கும். மில்லுக்குள் இருக்கிற பெரிய கொம்பியூட்டர் அதுதான், ஆனால் அது தட்டிவிட்டதை ஒரு சாக்கில் பிடித்துக் கோழித் தீனுக்கு விற்பதோடு கதை முடியும். எந்த நெல்லிலிருந்து கூடத் தட்டுப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் கேட்டோம். ஒரு தடவையாக வந்து இறங்குகிற நெல்லை ஒரு லொட்டு என்போம்; ஒவ்வொரு லொட்டுக்கும் மூடை வாய் தைக்கிற நூலின் நிறத்தை மாற்றினோம். மூடைகளை அடுக்குகிற அட்டியில் கலந்தாலும் எது எப்போது வந்தது என்று தெரியும். சோட்டரில் ஒவ்வொரு லொட்டும் ஓடி முடிந்ததும் தட்டிய அரிசியை நிறுத்து, அதே படிவத்தில் போட்டோம். ஒரு மாதம் கழித்து, கூடத் தட்டுப்பட்டவை மேலே வரும்படி வரிசைப்படுத்தினேன். மேலே நின்ற பத்து லொட்டில் எட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வந்தவை. எட்டிலும் ஈரம் 20-க்கு மேல். வந்த நேரம் தானாக விழுந்திருந்ததால்தான் இது தெரிந்தது. இரவில் வந்த ஈர நெல்லை இடம் இல்லாமல் அப்படியே அட்டி போட்டு அடுக்கியிருக்கிறார்கள். ஈர நெல் மூச்சு விடும், குவியலுக்குள் சூடு ஏறும், அரிசி மஞ்சள் பிடிக்கும். காலையில் களத்துக்குப் போகும்போது வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பழுது தொடங்கியிருக்கும். காக்கா அட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். “வாப்பா இருக்கக்குள்ள ராவையில நெல் எடுக்கவே விடமாட்டார்,” என்றார். காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை, வழக்கம் மட்டும் வந்திருக்கிறது. வெட்டு மெசின் வந்த பிறகு அந்த வழக்கமும் போய்விட்டது. இப்போது 20-க்கு மேல் வருகிற இரவு நெல்லுக்குச் சிவப்பு நூல். அது அட்டிக்குப் போகாது. சீமெந்துத் தரையில் பரப்பி, மின்விசிறி போட்டு, விடிந்ததும் முதலாவதாகக் களத்துக்குப் போகும்.

மின்சாரக் கதை கொஞ்சம் வேறு. அங்கே இலக்கத்தை நாங்கள் உருவாக்க வேண்டியதில்லை, மாதா மாதம் மின்சாரப் பில்லிலேயே அது வந்துவிடுகிறது. 42 கே.வி.ஏ. என்ற மின்வலு அளவுக்கு மேல் எடுக்கும் தொழிற்சாலைக்குப் பாவித்த அலகுக்குக் காசு, அதற்கு மேல் அந்த மாதத்தில் எட்டிய உச்சக் கேள்விக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுத்த ஆகக் கூடிய மின்வலுவுக்கும் காசு. மாலை 6.30 முதல் 10.30 வரை அலகு விலை கூட, 10.30 முதல் விடிய 5.30 வரை குறைவு. 2022 ஆவணியில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 மாசியில் 66 வீதமும் ஏறியபோது (பிறகு குறைத்தார்கள் என்றாலும்) பல மில்கள் மூச்சுத் திணறின. பன்னிரண்டு மாதப் பில்லை ஒரு தாளில் வரிசையாக எழுதினாலே கண்ணுக்குத் தெரிந்தது. அரிசி தீட்டுகிற மெசின், காற்றமுக்கி, உலர்த்தியின் விசிறி மூன்றும் ஒரே நேரத்தில் ஓடிய ஒரேயொரு மாலை அந்த மாதம் முழுவதுக்கும் விலை வைத்துவிடுகிறது. ஒன்றை நிற்பாட்டி மற்றதைப் போடும் ஒழுங்கைச் சுவரில் கரியால் எழுதி வைத்தோம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மருதமுனையில் ஒரு கைத்தறிப் பட்டறையிலும் இதையே கொஞ்சம் செய்து பார்த்தோம். நெசவாளிக்குக் கொடுக்கும் நூலின் நிறை, நெய்து திரும்பி வரும் சாரத்தின் நிறை, கழிவு, மூன்றும் வீட்டிலேயே நெய்கிற பெண்களின் போனிலிருந்து குரல் பதிவாக வரும். எழுதச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள் குரலில் தயங்குவதில்லை. அது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. நிறை பார்க்க எல்லா வீட்டிலும் சின்னத் தராசு இல்லை, முதலில் அதை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வங்கிப் பக்கம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வெட்டுக் காலத்தில் நெல் வாங்கக் கைக்காசு போதாது; நெல்லையே ஈடாக வைத்துக் கடன் எடுப்பார்கள். அட்டி எண்ண வந்த உத்தியோகத்தர் படிவத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு, நூல் நிறத்தை வைத்து இரண்டு அட்டியைச் சோதித்தார். ஒத்துப்போனது. முந்திய வருடங்களில் இரண்டு மூன்று நாள் இழுபட்ட வேலை ஒரு காலையில் முடிந்தது. வரிக்குப் பயந்து, எழுதாமல் விடுவதே பாதுகாப்பு என்று நினைக்கும் முதலாளிமார் என்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 வீதமாகி, பதிவு எல்லை 2024 தையில் வருடத்துக்கு 6 கோடி ரூபாயாக இறங்கிய பிறகு அந்தப் பயம் கூடியிருக்கிறது. அவர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன்: எழுதாத கணக்கால் முதலில் ஏமாறுகிறவர் நீங்கள்தான்.

போன மாசியில் ஒரு இரவு தராசடிக்குப் போனேன். பல்பு இப்போது இரண்டு. தம்பி போனில் பதிந்துகொண்டிருந்தான், பக்கத்தில் கொப்பியும் இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி வந்தான்.

“அண்ண, இதில இன்னொரு கேள்வி போடணும்.”

“என்ன கேள்வி?”

“மழை பட்டதா எண்டு. மெசின் ஏறக்குள்ள தூறினா நெல் மேலால காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும், உள்ள தண்ணி நிக்கும். மீற்றர் சரியாக் காட்டாது. நான் கையால தொட்டுப் பார்த்தாத் தெரியும். ஆனா அதை எழுத இதில இடம் இல்ல.”

அங்கேயே நின்று, அவனுடைய போனிலேயே ஆறாவது கேள்வியைச் சேர்த்தேன். சொல்லை அவன்தான் சொன்னான்: ‘மழை தொட்டதா?’ அடுத்த பெட்டி வந்து நின்றது. அவன் கையை மூடைக்குள் விட்டான்.